பாதி மூடும் ஸ்லைடு: ஒரு .22 பிஸ்டலின் நாட்குறிப்பு

ஜூன் 4

கிளப் பிஸ்டல் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. .22 லாங் ரைஃபிள் தோட்டா போடுகிற பழைய மாடல். 25 மீட்டர் ஸ்டாண்டர்டு பிஸ்டலுக்குப் பழகுகிறவர்கள் மாற்றி மாற்றி எடுப்பது. 150 விநாடித் தொடரில் சிக்கினால் பெரிய நஷ்டமில்லை. 10 விநாடிக்குள் ஐந்து ஷாட் போட வேண்டிய தொடரில் இரண்டாவதிலேயே ஸ்லைடு (ஒவ்வொரு ஷாட்டுக்கும் பின்னால் போய், அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு திரும்புகிற மேல்பகுதி) நின்றுவிட்டால் அந்தத் தொடர் போச்சு.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எண்ணெய் விடு, ஸ்பிரிங்கை மாற்று, ஃபீட் ராம்ப்பை (தோட்டா ஏறிப் போகிற சரிவை) பாலிஷ் போடு. சிக்கிய தோட்டா எப்படி நின்றது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஜாம் ஆனதும் கை தானாகப் போய் ஸ்லைடை இழுத்துவிடுகிறது. தோட்டா தரையில் விழுகிறது, தடயமும் அதோடு போய்விடுகிறது.

ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) போட்டியில் இப்படிச் செய்ய முடியாது. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு மறு கையைத் தூக்க வேண்டும். அதிகாரி பார்ப்பதற்கு முன் நாமே மெக்கானிசத்தில் கை வைத்தால் அந்தக் கோளாறுக்குச் சலுகை கிடையாது. கோளாறைக் கண்டுபிடிக்கவும் அதே ஒழுங்குதான் சரி. ஜாம் ஆனால் விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டு, குழலை அப்படியே வைத்து, முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் எழுத வேண்டும்: எந்த மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகுகிற கூடு), எத்தனையாவது தோட்டா, முனை எங்கே நிற்கிறது, ஸ்லைடு எவ்வளவு திறந்திருக்கிறது.

ஜூன் 7

பிஸ்டல் பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டு போட்டு வைத்தேன். மேகசின்களின் அடியில் பெயின்ட்டால் எண் எழுதியாயிற்று. ஆச்சரியம், எல்லோரும் எழுதுகிறார்கள்.

காலி கேஸ் (சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூடு) வெளியே போகாமல் ஸ்லைடுக்கு நடுவே நட்டுக்கொண்டு நிற்பது ஒரு வகை ஜாம். கேஸை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர், வெளியே தள்ளுகிற எஜெக்டர், வலுவில்லாத தோட்டா, தளர்ந்த பிடி என்று தேட வேண்டிய வகை அது. நம் பிஸ்டலில் அது ஒன்றுகூட இல்லை. ஆக, ஸ்லைடு பின்னோக்கிப் போகிற பயணம் நன்றாக இருக்கிறது. திரும்பி வருகிற வழியில்தான் சிக்கல்.

வருகிற வழியிலும் இரண்டு விதம் தெரிகிறது. சிலவற்றில் தோட்டாவின் முனை கீழே குத்திக்கொண்டு, மேகசின் வாயைத் தாண்டியதும் நிற்கிறது. மற்றவற்றில் தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற அறை) ஒழுங்காகப் போய், கடைசி ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் ஸ்லைடு மூடுவதில்லை. இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்துத்தான் இத்தனை நாளாக எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 9

முனை குத்துகிற ஜாம் எல்லாமே 3ஆம் எண் மேகசினில். அதுவும் நாலாவது, ஐந்தாவது தோட்டாவில் மட்டும். நோட்டைப் புரட்டியதும் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

மேகசின் நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அழுந்தியிருக்கும், தள்ளுகிற வேகமும் அதிகம். தோட்டா குறையக் குறைய ஸ்பிரிங் நீண்டு தளர்ந்துவிடும். ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலோ ஃபாலோயர் (தோட்டாக்களை அடியிலிருந்து தாங்கி மேலே தள்ளுகிற தட்டு) எங்காவது உரசினாலோ கடைசித் தோட்டா மேலே வந்து சேர்வதற்குள் ஸ்லைடு வந்துவிடுகிறது. முனை தாழ்ந்த நிலையிலேயே தள்ளப்பட்டுக் குத்திக்கொள்கிறது.

பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பசை. .22 தோட்டாவின் ஈயக்குண்டு வெளியே மெழுகு பூசியே வருகிறது. அந்த மெழுகும் கரியும் யாரோ விட்ட எண்ணெயும் சேர்ந்து அப்படி ஆகியிருக்கிறது. துடைத்து, உலர்ந்த மேகசினாகவே பூட்டினேன். மேகசினுக்குள் எண்ணெய் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அழுக்கைப் பிடித்து வைப்பதைத் தவிர அது அங்கே எதுவும் செய்வதில்லை.

நிரப்புகிற விதத்தையும் பார்த்தேன். பக்கவாட்டுப் பட்டனை அடிவரை இழுத்துவிட்டுத் தோட்டாக்களைப் பொலபொலவென்று உள்ளே போடுகிறார்கள். .22க்கு அடியில் விளிம்பு (ரிம்) உண்டே, மேலே உள்ள தோட்டாவின் ரிம் கீழே உள்ளதன் ரிம்முக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் மேல் தோட்டா முன்னே போகும்போது கீழதையும் கொக்கி போட்டு இழுக்கும். ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் பட்டனை இறக்கினால் போதும்.

ஜூன் 13

3ஆம் மேகசினை ஒதுக்கியதும் முனை குத்துவது நின்றுவிட்டது. ஸ்லைடு மூடாத ஜாம் மட்டும் எல்லா மேகசினிலும், எந்தத் தோட்டாவிலும் வருகிறது. அப்படியென்றால் மேகசினைக் குறை சொல்ல முடியாது.

நோட்டில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. “மிஸ்ஃபயர், மறுபடி அடித்ததும் வெடித்தது” என்று வேறு வேறு கையெழுத்தில் வரிகள். தோட்டா மட்டம் என்று பெட்டியை மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டா முழுக்க உட்காரவில்லை என்றால் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற ஊசி) அடிக்கிற அடியில் பாதி, தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடியின்போது அது உட்கார்ந்துவிட்டிருக்கும், வெடிக்கும். மூடாத ஸ்லைடும் இந்த மிஸ்ஃபயரும் ஒரே நோயாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் விளையாட்டு வேண்டாம் என்றும் எழுதி ஒட்டினேன். வெடிக்காவிட்டால் குழல் இலக்குப் பக்கமே, குறைந்தது அரை நிமிடம் அசையக்கூடாது. தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. பாதி மூடிய ஸ்லைடைப் பெருவிரலால் தள்ளி மூடிச் சுடுகிற பழக்கமும் ஒழிய வேண்டும். .22இன் கேஸ் மெல்லிய பித்தளை. முழுக்க உள்ளே போகாத நிலையில் வெடித்தால் ரிம் பக்கம் கிழிந்து, வாயு பின்பக்கமாக முகத்துக்கு வரும்.

ஜூன் 14

வெண்கலப் பிரஷ்ஷால் சேம்பரை நன்றாகத் தேய்த்தேன். கரி நிறையவே வந்தது. ஜாம் குறைந்ததே தவிர, போகவில்லை.

ஹைவெலாசிட்டி (வேகம் கூடிய) தோட்டா போட்டால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். ஸ்லைடு இன்னும் முழுக்கப் பின்னால் போய்த் திரும்பும் என்பதால் ஒருவேளை மூடலாம்தான். ஆனால் இந்தப் பிஸ்டல் ஸ்டாண்டர்டு வெலாசிட்டிக்காகச் செய்தது. கோளாறை மறைக்க ஃபிரேமுக்குத் தினமும் கூடுதல் அடி வாங்கிக்கொடுப்பானேன்?

ஜூன் 16

கண்டுபிடித்தாயிற்று.

ரேஞ்சில், குழல் இலக்குப் பக்கம் பார்க்க, மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடைப் பின்னால் பூட்டிக்கொண்டு ஒரே ஒரு தோட்டாவை விரல் நுனியால் சேம்பருக்குள் மெல்லத் தள்ளினேன். நல்ல சேம்பரில் அது ரிம் வரை சென்று தட்டி நிற்கும். இங்கே ரிம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கொஞ்சம் அழுத்தினால்தான் போகிறது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தேன். பித்தளையில் ரிம்மை ஒட்டித் தொடங்கி, முடி கனத்தில் நேராக ஒரு கீறல். வேறு தோட்டாவிலும் அதே கீறல்.

சுட்ட கேஸ்களையும் பொறுக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ரிம்மில் ஃபயரிங் பின் அடித்த பள்ளம் எங்கே இருக்கிறதோ, நேர் அதற்குக் கீழேதான் கீறல் ஓடுகிறது. அப்புறம் ஆயுதத்தைக் காலி செய்து, உறுதிப்படுத்திக்கொண்டு, டார்ச்சும் லென்ஸுமாகச் சேம்பர் வாயைப் பார்த்தேன். மேல் விளிம்பில் உளியால் தட்டிய மாதிரி ஒரு சின்னப் பள்ளம். அங்கிருந்து ஒதுக்கப்பட்ட இரும்பு உள்பக்கமாகப் பிதுங்கி நிற்கிறது.

காரணம் ட்ரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமலே ட்ரிகரை இழுத்துப் பழகுவது. .22இல் ஃபயரிங் பின் தோட்டாவின் நடுவில் அடிப்பதில்லை, விளிம்பில் அடிக்கிறது. தோட்டா இல்லாமல் ட்ரிகர் இழுத்தால் பின்னின் முனைக்கு நேரே இருப்பது சேம்பரின் விளிம்புதான். புதிய டார்கெட் பிஸ்டல்களில் ட்ரை ஃபயருக்குத் தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இதில் கிடையாது. வருடக்கணக்கில் எத்தனையோ பேர் வெறுமனே கிளிக் கிளிக் என்று பழகிய பிஸ்டல்.

ஜூன் 17

9 மி.மீ. பிஸ்டல் வைத்திருக்கும் நண்பர், தனக்கும் ஸ்லைடு மூடவில்லை, இதே காரணமா என்று கேட்டார். இருக்காது. அதில் ஃபயரிங் பின் நடுவில் அடிக்கிறது. 9 மி.மீ. கேஸுக்கு ரிம் துருத்திக்கொண்டு இல்லாததால் அது கேஸ் வாயால்தான் சேம்பரில் தட்டி நிற்கிறது. அவர் போடுவது கையால் மறுநிரப்பிய தோட்டாக்கள். கேஸ் வாய் விரிந்தபடியே விடப்பட்டிருந்தாலோ, மொத்த நீளம் 29.69 மி.மீ. உச்சவரம்பைத் தாண்டினாலோ மூடாது. முதலில் அளந்து பார்க்கச் சொன்னேன். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கவும் வேண்டாம் என்றேன். குண்டு கேஸுக்குள் அமுங்கினால் அழுத்தம் எகிறும்.

ஜூன் 22

ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொண்டுபோனோம். அரம் போட்டு ராவிவிடலாமே என்று உடன் வந்தவர் கேட்டதும் அவர் முகம் போன போக்கு! ராவினால் பிதுங்கல் போகும், கூடவே கேஸைத் தாங்க வேண்டிய இரும்பும் போகும். அவர் எடுத்தது சேம்பர் அயர்ன் என்கிற கூம்பு போன்ற கடினமான எஃகுக் கருவி. அதைச் சேம்பருக்குள் விட்டு அழுத்தித் திருப்பினார். பிதுங்கிய இரும்பு வந்த வழியே திரும்பிப் போனது. ஒரு துளிகூட வெட்டவில்லை.

ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் குறுக்கு ஊசி தேய்ந்திருப்பதையும் அவரே காட்டினார். அதனால்தான் பின் தேவைக்கு மேல் முன்னால் வந்திருக்கிறது. ஊசியையும் மாற்றிக் கொடுத்தார். இதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

ஜூன் 25

தோட்டா இப்போது விரல் தள்ளியதும் ரிம் வரை போய் டக்கென்று நிற்கிறது. பித்தளையில் கீறல் இல்லை. 10 விநாடித் தொடர்களாகவே சுட்டுப் பார்த்தோம், ஸ்லைடு ஒருமுறைகூட நிற்கவில்லை; இரண்டாவது அடியில் வெடிக்கிற தோட்டாவும் இல்லை.

பெட்டியில் ட்ரை ஃபயருக்கான பிளாஸ்டிக் டம்மிகள் (போலித் தோட்டாக்கள்) வைத்திருக்கிறேன். ஃபயரிங் பின் அடித்த இடம் நைந்துபோனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள். 3ஆம் மேகசினுக்கு ஸ்பிரிங் சொல்லியிருக்கிறது. வரும் வரை அதை யாரும் எடுக்க வேண்டாம்.