பாதரச விளக்கு நாட்கள்

மார்ச் 4

ஒளிமின் விளைவுச் சோதனை: உலோகத்தின் மேல் ஒளி பட்டால் எலக்ட்ரான் வெளியேறுகிறதே, அதை அளப்பது. பாதரச விளக்கு சூடேறி நிலைப்பட நேரம் எடுக்கும். அதுவரை எதையும் அளக்கக் கூடாது. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

மார்ச் 5

தூக்கம் வராமல் ஒரு கணக்கு. ஒளி வெறும் அலைதான் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு ஒரு மைக்ரோவாட் அளவு மங்கிய ஒளி சோடியத்தின் மேல் விழுகிறது. அலை என்றால் ஆற்றல் பரப்பு முழுக்கப் பரவித்தான் வரும். ஒரு அணுவின் பங்குக்கு வரும் இடம் சுமார் 10⁻¹⁹ சதுர மீட்டர். சோடியத்தை விட்டு ஒரு எலக்ட்ரான் வெளியேற ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலைச் சொல்லும் சின்ன அலகு) வேண்டும். அந்த அளவு சேர எவ்வளவு நேரம்? சுமார் 37 லட்சம் விநாடி. ஆறு வாரம்!

யாரும் ஆறு வாரம் காத்திருப்பதில்லை. 1928இல் லாரன்ஸ், பீம்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் அளந்து பார்த்தார்கள். தாமதம் என்று ஒன்று இருந்தால் அது ஒரு விநாடியின் நூறு கோடியில் மூன்று பங்குக்கும் குறைவு. ஒளி மங்கினால் வெளிவரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். வருகிறவை உடனே வந்துவிடும்.

ஆறு வாரம் என்பதை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதேதான்.

மார்ச் 6

விளக்கின் ஒளியில் 365 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மட்டும் அளவு எடுத்தேன். வேறெதற்கும் மனம் இல்லை.

மார்ச் 8

இந்த விளைவை முதலில் கண்ட இயற்பியலாளர் ஹெர்ட்ஸின் கதை எனக்கு அலுப்பதே இல்லை. 1887. மின்காந்த அலைகள் உண்டு என்று நிரூபிக்கக் கருவி கட்டியிருக்கிறார். ஏற்பியில் தெறிக்கும் பொறி கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அதை இருட்டுப் பெட்டிக்குள் வைக்கிறார். பொறி குறுகிப்போகிறது. இன்னொரு பொறியின் வெளிச்சம் வந்து படும்போது நீள்கிறது. குறுக்கே கண்ணாடியை வைத்தால் விளைவு நின்றுவிடுகிறது, குவார்ட்ஸை வைத்தால் நிற்கவில்லை. ஆக, வேலையைச் செய்தது புற ஊதாக் கதிர். ஒளி அலைதான் என்று அடித்துச் சொல்ல உதவிய அதே மேசையில், அந்தக் கொள்கையை மூலையில் நிறுத்தப்போகிற விஷயமும் கிடந்திருக்கிறது. பார்த்ததை எழுதி வெளியிட்டுவிட்டுத் தன் அலைகளிடமே திரும்பிவிட்டார்.

1894 ஜனவரி 1 அன்று இறந்தார். 36 வயது. இந்த வரியை நான் திரும்பப் படிக்கக் கூடாது.

மார்ச் 9

முடிவு நாளைக்கு வந்துவிடும் என்கிறார்கள். நேற்றும் இதையேதான் சொன்னார்கள்.

மார்ச் 11

ஒவ்வொரு அலைநீளத்தையும் பிரித்தெடுக்கும் வடிகட்டிகள் எல்லாம் முடிந்தன. 365, 405, 436, 546, 577. அதிர்வெண்ணுக்கு எதிரே நிறுத்து மின்னழுத்தத்தை, அதாவது வெளிவரும் எலக்ட்ரான்களை முழுக்கத் தடுத்து நிறுத்தத் தேவையான மின்னழுத்தத்தை, வரைந்தால் அழகான நேர்கோடு. சாய்விலிருந்து வரும் பிளாங்க் மாறிலியும் மோசமில்லை. உறுத்துவது வெட்டுத்துண்டு, கோடு மின்னழுத்த அச்சை வெட்டும் இடம்.

அதிலிருந்து, ஒளி படும் தகடான கேத்தோடின் வெளியேற்று ஆற்றல் (எலக்ட்ரான் அந்த உலோகத்தை விட்டு வெளியேறக் குறைந்தது தேவைப்படும் ஆற்றல்) கிடைக்கும் என்றுதான் படித்துவருகிறோம். கிடைக்காது. கேத்தோடையும், எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் ஆனோடையும் கம்பியால் இணைத்த மாத்திரத்தில், இரண்டும் வேறு வேறு உலோகம் என்பதால், நடுவில் ஒரு தொடு மின்னழுத்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதையும் சேர்த்து எழுதினால் கேத்தோடின் வெளியேற்று ஆற்றல் கூட்டலிலும் கழித்தலிலும் வந்து அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது ஆனோடுடையது. எலக்ட்ரான் எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு அந்த வெட்டுத்துண்டில் தடயமே இல்லை. போய்ச் சேரும் உலோகத்தைப் பற்றித்தான் அது பேசுகிறது.

இதை முதல் வகுப்பிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 12

இதே சோதனையை முன்பு செய்த அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் இதையெல்லாம் தெரிந்தே செய்தார். சோடியம், பொட்டாசியம், லித்தியம் எல்லாம் காற்றுப் பட்ட உடனே மங்கிவிடும். அதனால் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியை வைத்து, வெளியிலிருந்து காந்தத்தால் இயக்கி, உலோகத்தைச் சீவிச் சீவிப் புது முகம் எடுத்தார். தொடு மின்னழுத்தத்தையும் அங்கேயே அளந்தார். எலக்ட்ரானின் ஆற்றல் ஒளியின் அதிர்வெண்ணோடு நேர்கோட்டில் ஏறும் என்ற ஐன்ஸ்டைனின் சமன்பாடு தவறாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு இறங்கியவர். 1916இல் கோடு நேராகவே வந்தது. அப்போதும் சமன்பாடு சரி, அதன் பின்னால் உள்ள ஒளித்துகள் கருத்தை ஏற்க முடியாது என்றுதான் எழுதினார். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணை எண்ணாக ஒப்புக்கொண்டார், மனசை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மார்ச் 14

போன் வந்தது. "பார்க்கலாம்" என்றார்கள்.

மார்ச் 15

"கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும்" என்று இனி யாரும் எழுத வேண்டாம்.

துத்தநாகத்துக்குச் சுமார் 4.3 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டான், அதாவது ஒரு ஒளித்துகள், தருவது 1.77. மூன்று சேர்ந்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் முதலாவதை வாங்கிய எலக்ட்ரான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததற்காக நிற்பதில்லை. மற்ற எலக்ட்ரான்களோடு மோதி ஃபெம்டோ விநாடிக் கணக்கில் பங்கு கொடுத்துவிடுகிறது. எல்லாம் வெப்பமாகப் போய்விடும். தகடு லேசாகச் சூடாகும். நாள் முழுக்கச் சிவப்பு விளக்கைக் காட்டினாலும் சூடான தகடுதான் மிஞ்சும். சக்தி வாய்ந்த லேசர் துடிப்புகளில் மட்டும் இரண்டு மூன்று ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் வந்து சேரும், அப்போது எலக்ட்ரான் வரும். அது வேறு கதை.

ஆக, ஆற்றல் வராமல் இல்லை. வந்தது நிற்கவில்லை.

மார்ச் 17

1905இல் ஐன்ஸ்டைன் தன் ஒளிக்குவாண்டம் (ஒளித்துகள்) கட்டுரையின் கீழே போட்ட தேதி இது. அதில் ஒளிமின் விளைவுக்கு ஒரு பகுதிதான், மீதியெல்லாம் வெப்பக் கதிர்வீச்சும் என்ட்ரோப்பியும். 1913இல் அவரை பெர்லினுக்கு அழைக்கப் பரிந்துரைத்த பிளாங்க் முதலானவர்கள்கூட, ஒளிக்குவாண்டம் விஷயத்தில் குறி தப்பியிருக்கலாம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்ற தொனியில்தான் எழுதினார்கள். 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அந்த ஒளிமின் விதிக்காகவே கிடைத்தது. அதையும் 1922இல்தான் அறிவித்தார்கள்.

மார்ச் 18

துத்தநாகத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்தேன். ஆக்சைடு படிந்திருந்தால் எதுவும் நடக்காது. நன்றாக அழுத்தித் தேய்த்தேன், தேவைக்கு மேலேயே.

மார்ச் 20

இன்றைக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

1969இல் லாம்ப், ஸ்கல்லி என்ற இயற்பியலாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒளியை அலையாகவே விட்டுவிட்டு, உலோகத்தை மட்டும் குவாண்டம் முறையில் எழுதினாலும் ஐன்ஸ்டைனின் சமன்பாடு வந்துவிடுகிறது என்று காட்டினார்கள். தாமதமில்லாமல் வருவதுகூட. ஃபோட்டானுக்குக் கறாரான சாட்சி வேண்டுமென்றால் 1977இல் கிம்பிள், டாகனே, மாண்டல் செய்த சோதனைக்குத்தான் போக வேண்டும். அதைப் பற்றி நிறைய எழுத வேண்டும். அதற்கு முன் 405ஐ மறுபடி எடுக்க வேண்டும். ஆனோடில் சிதறி விழும் ஒளியால் எதிர்த்திசையில் கொஞ்சம் மின்னோட்டம் வருகிறது, அதனால் கோடு பூஜ்யத்தைத் தொடும் இடம் மங்கலாகத் தெரிகிறது. நாளை காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மதியத்துக்குப் பிறகு.