சாவி வேரில் கிளைத்த ஆங்கிலச் சொற்கள்: என் குறிப்பேட்டின் ஒரு பக்கம்

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது எழுதிய ஒரு மாதிரித் தேர்வில், வேறொரு நாட்டின் நிலத்தால் முழுவதும் சூழப்பட்ட பகுதிக்கு ஒரே சொல் கேட்டிருந்தார்கள். என்கிளேவ், கான்கிளேவ், கான்கேவ் ஆகியவை விடைகளில் அடுத்தடுத்து நின்றன. மூன்றையும் மனப்பாடம் செய்திருந்தும் கான்கிளேவைக் குறித்து மதிப்பெண்ணை இழந்தேன். அன்றிரவு அகராதியைப் புரட்டியபோதுதான், முதல் இரண்டும் சாவியைக் குறிக்கும் ‘கிளாவிஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தவை என்பதும், கான்கேவ் குழிவைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது என்பதும் தெரிந்தன.

அதன்பின் குறிப்பேட்டில் இந்த வேருக்கென ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு சொல்லிடமும் ‘இங்கே பூட்டப்படுவது எது?’ என்று கேட்கத் தொடங்கினேன். புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் மூத்த குருக்களான கர்தினால்கள் கூடும் கான்கிளேவில் பூட்டப்படுபவர்கள் மனிதர்கள். ‘சாவியோடு’ என்ற பொருளுடைய தொடரே அச்சொல்லாயிற்று. 1268இல் போப் நான்காம் கிளெமென்ட் இறந்தபின், இத்தாலியின் விட்டெர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறக்குறைய மூன்றாண்டுகள் முடிவெடுக்காமல் இழுத்தடித்ததையும், அப்படித் தேர்வான பத்தாம் கிரெகொரி, 1274இல் பிரான்சின் லியோன் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில், கர்தினால்களை அடைத்துவைத்தே தேர்தல் நடத்த விதி செய்ததையும் படித்தபின் அச்சொல் எனக்கு மறக்கவேயில்லை. என்கிளேவில் பூட்டப்படுவது நிலம். தென்னாப்பிரிக்காவுக்குள் இருக்கும் லெசோத்தோவை எடுத்துக்காட்டாக எழுதிக்கொண்டேன். இந்தியாவும் வங்கதேசமும் 2015இல் பரிமாறிக்கொண்ட 162 பகுதிகளையும் சேர்த்துக்கொண்டால், பொது அறிவுத் தாளுக்கும் அதே வரி உதவும்.

ஆட்டோகிளேவ் எனக்கு அடுக்களையில்தான் விளங்கியது. ‘தானே’ என்னும் கிரேக்க முன்னொட்டும் சாவியும் சேர்ந்த இச்சொல், நீராவியின் அழுத்தத்தாலேயே மூடி இறுகிக்கொள்ளும் கலத்தைக் குறிக்கிறது. எங்கள் வீட்டு உள்மூடி குக்கரும் அப்படித்தான்: உள்ளிருந்து மேல்நோக்கிப் பொருந்தும் மூடியை ஆவியே விளிம்போடு அழுத்திப் பிடிப்பதால், அது அடங்கும்வரை திறக்க முடியாது. மருத்துவமனைக் கருவிகளைப் பொதுவாக 121 பாகை செல்சியசில் தூய்மைப்படுத்தும் ஆட்டோகிளேவ் இதன் பெரிய உறவினர்.

என் கேள்வி கிளாவிக்கிளிடம் தோற்றது. ‘சிறு சாவி’ என்று பொருள்படும் அந்த எலும்பு எதையும் பூட்டுவதில்லை. கழுத்தடியில் விரலை வைத்துக்கொண்டு கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பாருங்கள். அது தன் அச்சிலேயே சாவிபோலத் திரும்பும். பெயருக்கு அதுவே காரணம் என்பாரும் உண்டு, வடிவத்தைக் காட்டுவாரும் உண்டு. தமிழில் நாம் அதைக் கழுத்தணியின் பெயரால் காறை எலும்பு என்கிறோம். மேற்கத்திய இசைக் குறிப்பில் எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் கிளெஃப், பிரெஞ்சு வழியாக வந்த அதே சாவி.

ஆர்வ மிகுதியில் குளோவையும் இப்பக்கத்தில் சேர்த்திருந்தேன். கிராம்பைக் குறிக்கும் அச்சொல் ‘கிளாவுஸ்’, அதாவது ஆணி என்ற வேரிலிருந்து வந்தது. ஒரு கிராம்பைக் கையிலெடுத்தால் கொண்டையுள்ள ஆணியேதான். அதை அழிக்காமல் அடித்துவிட்டு, பக்கத்தில் ஓர் ஆணியை வரைந்து வைத்திருக்கிறேன்.