26 மீட்டர் ஆழத்தில் ஒரு பொய்

கடலுக்கடியில் பொய் சொல்வது ரொம்ப சுலபம். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் பிடித்தால் போதும். ‘சரி’, ‘நன்றாக இருக்கிறேன்’, ‘பார்த்துவிட்டேன்’ எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சைகைதான். 2023 செப்டம்பரில், பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துலம்பெனில், ஐந்து நாட்களில் அப்படி எத்தனை வட்டம் பிடித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் இதைச் சொல்வது கேவலம்தான்.

அப்போது எனக்கு 48 வயது. நீச்சல் கற்றது 43இல், டைவிங் கற்றது 45இல், அந்தமானில். கூட வந்தது அக்கா மகன். 26 வயது, கையில் ஒரு பெரிய கேமரா, கண்ணில் ஒரு குறையும் கிடையாது. துலம்பெனைத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான், ஆனால் எனக்காக. எனக்குப் படகு ஆகாது. வால்பாறை பஸ்ஸில் நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே எலுமிச்சம்பழத்தைத் தேடுகிற ஆள் நான். துலம்பெனில் படகே வேண்டாம். கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம். விமான நிலையத்திலிருந்து சுமார் மூன்று மணி நேரம் காரில் போக வேண்டும், அவ்வளவுதான்.

நடந்து இறங்குவது என்றதும் மணல் கரையை நினைத்துவிடாதீர்கள். அங்கே இருப்பது அகுங் எரிமலை கொட்டிய கருங்கற்கள். அம்மிக்குழவி அளவில், வழவழவென்று, அலை வந்து போகும்போது உருண்டு கடகடக்கும். இருபது கிலோ சாமானை முதுகில் மாட்டிக்கொண்டு அதன் மேல் நடக்கும்போது என்னைப் பார்த்திருந்தால் யாருக்கும் டைவிங் ஆசையே வராது. ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் அதே கல்லில் வெறும் ரப்பர் செருப்போடு டேங்க் சுமக்கிறார்கள். காற்று நிரப்பிய ஒரு அலுமினிய டேங்க் ஏறக்குறைய 17 கிலோ. தலையில் ஒன்று, சிலர் தோளில் இன்னொன்று. தலையில் துணியைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சும்மாடு! என் அம்மாச்சி சுள்ளி சுமக்க வைத்துக்கொண்ட அதே சும்மாடு. என் டேங்க்கைச் சுமந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை, அடுத்த டேங்க்கை எடுக்கத் திரும்பிப் போய்விட்டார்.

எங்கள் கைடு பற்றிச் சொல்ல வேண்டும். பாலியில் முதல் பிள்ளை வாயான், இரண்டாவது மாதே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெத்துத் என்று பிறந்த வரிசைப்படி பெயர் வைப்பது வழக்கம். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வாயான். ஆகவே எங்கள் கைடு வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று சொன்னாலே பெயரைச் சொன்ன மாதிரி. அதனால் இங்கே வெறும் கைடு. ஐம்பதைத் தாண்டியவர். என்னை ‘இபு’ என்பார், நம்ம ஊர் ‘அம்மா’ மாதிரி. அக்கா மகன் அவரை ‘பிளி’ என்று கூப்பிட்டான். அண்ணன் என்று அர்த்தமாம். கையில் ஒரு மெல்லிய இரும்புக் குச்சி. அதை நீட்டினால் அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள்.

பெரிய விஷயங்களில் எனக்குப் பிரச்சினை இல்லை. துலம்பெனுக்கு எல்லோரும் போவதே ஒரு கப்பலுக்காகத்தான். லிபர்ட்டி என்ற அமெரிக்க ராணுவச் சரக்குக் கப்பல், சுமார் 120 மீட்டர் நீளம். இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் கட்டிய ‘லிபர்ட்டி ஷிப்’ வகை என்று பலர் எழுதுகிறார்கள், அது தப்பு. இது அதற்கு முந்திய போர்க்காலத்தில், 1918இல் கட்டியது. ரயில் சாமான்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு வந்தபோது, 1942 ஜனவரி 11 அன்று பக்கத்துத் தீவான லொம்போக் அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்ப்பிடோவால் அடித்தது. இரண்டு போர்க்கப்பல்கள் சேர்ந்து சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் வழியிலேயே துலம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அது கரையிலேயே கிடந்தது. 1963இல் அகுங் வெடித்தபோது அந்த அதிர்ச்சியில் கப்பல் கடலுக்குள் சரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த வெடிப்பு அது.

இப்போது கப்பல் கரைக்கு இணையாக, ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் ஐந்து மீட்டர், கீழே முப்பது மீட்டர் வரை. இரும்பு என்று பார்த்தால் விலா எலும்புகள்தான் மிச்சம். மீதியெல்லாம் பவளம், பஞ்சுயிரி, விசிறி மாதிரி கிளை விரிக்கும் பவள வகையான கடல் விசிறி. வெறும் கண்ணுக்கு எல்லாமே சாம்பலும் நீலமும்தான், ஏனென்றால் சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே தின்றுவிடும். டார்ச் அடித்தால் போதும், பழைய துரு என்று நினைத்தது குங்குமச் சிவப்பாக எழுந்து நிற்கும். மேலே பாரை மீன் கூட்டம் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு சீலா, பந்தியில் இடம் கிடைக்காத மாமா மாதிரி தனியாக.

இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கினோம். கப்பலுக்குள் இரவு தூங்கும் புடைத்தலைக் கிளிமீன்கள் அந்த நேரத்தில்தான் எழுந்து கிளம்பும். ஒன்றேகால் மீட்டர் வரை வளரும், நெற்றி வீங்கினாற்போல் இருக்கும். சோம்பல் முறிக்காத குறையாக ஒவ்வொன்றாக வந்தன. பதினொன்று எண்ணினேன். பவளத்தைக் கடித்தால் ‘கறுக்’ என்று நமக்குக் கேட்கிறது. வளர்ந்த மீன் ஒன்று வருடத்துக்கு ஐந்து டன்னுக்கு மேல் பவளப் பாறையைத் தின்று மணலாகப் போட்டுவிட்டுப் போகும். என் முகத்துக்கு நேராகவே ஒன்று போட்டது, வெள்ளைப் புகை மாதிரி. நாம் வெண்மணல் கடற்கரை என்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் பல இடங்களில் காலடியில் இருப்பது இதுதான்.

அப்புறம் சின்ன விஷயங்களுக்கு வந்தோம். அங்கேதான் வினை.

பக்கத்தில் சேராயா என்று ஒரு இடம். கறுப்பு மணல் சரிவு, பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். தெரிந்தவர்களுக்கு அது பொக்கிஷம். கைடு குச்சியை நீட்டினார். நான் குனிந்தேன். கல் தெரிந்தது. அக்கா மகன் கேமராவோடு பாய்ந்து பத்து படம் எடுத்தான். கைடு என்னைப் பார்த்தார். நான் வட்டம் பிடித்தேன். அடுத்து ஒரு பாசி இலை. வட்டம். ஒரு கடல் முள்ளெலி. வட்டம்.

வெள்ளெழுத்து. ஊரில் பேப்பரை கை நீட்டிப் பிடித்துப் படிப்பேனே, அதே வியாதி. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், ஆகவே எனக்குக் கண்ணாடி வேண்டாம் என்று சந்தோஷமாக வந்துவிட்டேன். பாதிப் பாடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். பெரிதாகத் தெரியும், கூடவே கால் பங்கு பக்கத்திலும் தெரியும். 40 சென்டிமீட்டரில் இருப்பது 30இல் இருக்கிற மாதிரிக் கண்ணுக்குப் படும். வெள்ளெழுத்துக்காரிக்குப் பக்கம்தானே எதிரி! விலகிப் பார்க்கலாம் என்றால் பின்னால் பவளம், காலில் மாட்டிய ஃபின் பட்டு ஒடிந்துவிடும்.

சாயங்காலம் அறைக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் கேமராத் திரையைப் பார்த்தேன். கல் என்று நான் நினைத்ததன் மேல் விரல் நகம் அளவு ஒரு நண்டு, இரண்டு கொடுக்கிலும் கடல் சாமந்தி என்ற பூ மாதிரியான உயிரியைப் பிடித்துக்கொண்டு குத்துச்சண்டைக்காரன் மாதிரி நின்றது. எதிரி வந்தால் அந்தப் பூவின் கொட்டும் நஞ்சைக் காட்டி மிரட்டுமாம். பாசி இலையில் ஒரு பச்சை ஆட்டுக்குட்டி. நிஜமாகவே ஆட்டு முகம். ஓடில்லாத கடல் நத்தை, அரை சென்டிமீட்டர். தின்ற பாசியின் பச்சையத்தைச் செரிக்காமல் உடம்பில் வைத்துக்கொள்ளும்.

“சித்தி, இந்த ஆட்டுக்குட்டிய பாத்தீங்கள்ல? செம கியூட்டு.”

“பார்த்தேனே.”

கரையிலும் அதே பொய்.

நான்காம் நாள், கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் டிராப் ஆஃப் என்ற பாறைச் சுவருக்குப் போனோம். 26 மீட்டரில் ஒரு பெரிய கடல் விசிறி. அதில்தான் பிக்மி கடல் குதிரை. இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். 1969இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்ற ஆய்வாளர் கடல் விசிறி ஒன்றை எடுத்து வந்து ஆராய்ந்தபோதுதான், அதில் குதிரைகள் ஒட்டிக்கொண்டிருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. விசிறியைப் பார்க்கத் தெரிந்தவருக்கே கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது என்றால் எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஆழத்தில் காற்று மேலே இருப்பதைவிட மூன்றரை மடங்கு வேகத்தில் கரையும். நேரமும் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதற்குள் வரிசையில் ஆள் நிற்கிறார்கள். குச்சி நீண்டது. ஊதா நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ. வட்டம் பிடித்துவிட்டு நகர்ந்தேன். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் ஒரு உத்தி செய்தேன். கடைத்தெருவில் பூதக்கண்ணாடி வாங்கி, கயிறு கட்டி பி.சி.டி. என்ற மிதவைச் சட்டையில் மாட்டிக்கொண்டு போனேன். கடலுக்குள் எடுத்துப் பார்த்தால் ஜன்னல் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. காற்றில் இருக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் சாதாரணக் கண்ணாடி வில்லைக்குத் தண்ணீரில் மிஞ்சும் என்பது பிறகு படித்தது. ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது வளைவதுதான் அதன் வேலையே. தண்ணீரும் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே ஜாதி என்றால் ஒளி எதற்கு வளையும்?

அன்று மாலை, அடியில் தூள் தங்கிய பாலிக் காப்பியைக் குடித்துக்கொண்டு டைவ் கணக்கு எழுதும் லாக் புத்தகத்தில் கையெழுத்து வாங்க உட்கார்ந்தோம். கைடு பேனாவை எடுத்தார். சட்டைப் பைக்குள் கை விட்டு ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார். ஒரு பக்கக் கால் ஒடிந்து, நூல் சுற்றியது. போட்டுக்கொண்டு, புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

நான் அவரையே பார்த்தேன். அவர் நிமிர்ந்தார். மேஜையில் கிடந்த பூதக்கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் என்னை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இபு ஒன்றும் பார்க்கவில்லை, இல்லையா?”

“ஒன்றுமே பார்க்கவில்லை. நீங்கள்?”

பத்து வருடமாகச் சரியாகத் தெரியாது என்றார். வளர்ந்த குதிரைகள் ஒரு விசிறியில் குடியேறினால் வாழ்நாள் முழுக்க அதைவிட்டுப் போகாது. எந்த விசிறி, எந்தக் கிளை என்று அவருக்கு மனப்பாடம். “வீடு எனக்குத் தெரியும். ஆள் உள்ளே இருக்கிறார்களா என்று கேமராக்காரர்கள் மேலே வந்து சொல்வார்கள்.” அந்த விசிறியில் இரண்டு என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அவரும் வருகிறவர்களிடம் இரண்டு விரலைக் காட்டுவார். அக்கா மகன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

2024 அக்டோபரில் மறுபடியும் போனேன். இந்த முறை மாஸ்க்குக்குள் ஒட்டும் வில்லையோடு. அரை நிலா வடிவம், மெல்லிய பிளாஸ்டிக், +2. தண்ணீரில் நனைத்து மாஸ்க்கின் உள்பக்கம் கீழ்ப்பகுதியில் ஒட்டி ஒரு நாள் காயவிட வேண்டும். உள்பக்கம் காற்று இருப்பதால் வில்லையின் முழுச் சக்தியும் கிடைக்கும். பூதக்கண்ணாடிக்குச் செலவழித்த காசை நினைத்தால் எரிச்சல்தான். அவருக்கும் ஒரு ஜோடி, +2.5. போன அன்று மாலையே அவருடைய மாஸ்க்கை வாங்கி நானே ஒட்டிக் காயவைத்தேன்.

அதே விசிறியில் முதலில் நான் பார்த்தேன். டார்ச்சை நேராக அடிக்கவில்லை, ஓரமாகத்தான். வெளிச்சம் பட்டால் அவை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், குச்சியால் கிளையை ஆட்டித் திருப்புகிற கைடுகளும் உண்டு, அது அநியாயம். ஊதாக் கிளையில் இளஞ்சிவப்பு மொட்டுகள். ஒரு மொட்டுக்குக் கடுகளவு கண் இருந்தது. கண்ணைப் பிடித்த பிறகு மூக்கு, குட்டையாக, விசில் மாதிரி. அதன் பிறகு பானை வயிறு. வால் கிளையை ஒன்றரைச் சுற்று சுற்றியிருந்தது. நீரோட்டம் விசிறியை ஆட்டியபோது அதுவும் சேர்ந்து ஆடியது, பஸ் கம்பியைப் பிடித்து நிற்கிறவர் மாதிரி. வயிறு புடைத்திருந்தால் அது அப்பா, கடல் குதிரைகளில் சுமப்பது ஆண்தான். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டாவது.

நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் மோவாயைத் தூக்கி, கண்ணைக் கீழே இறக்கி, புது பைஃபோகல் போட்டவர்கள் படியிறங்குகிற மாதிரி மெல்ல விசிறிக்குப் பக்கத்தில் போனார். ரொம்ப நேரம் அசையவில்லை. குமிழிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. என் கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் நேரம் முடிவதாகக் கத்த ஆரம்பித்துவிட்டது. அவர் தோளைத் தட்டினேன். திரும்பிப் பார்த்து, இரண்டு விரலைக் காட்டினார். பிறகு தலையை ஆட்டி, மூன்றாவது விரலையும் விரித்தார்.