பதினோரு படிகள்: ரூர் பகுதியில் ஒரு பருவம் கால்பந்து பார்த்த குறிப்பேடு

2024-25 பருவம் தொடங்கும் முன் எனக்கு நானே ஒரு வேலையை வைத்துக்கொண்டேன். ஜெர்மனியின் கால்பந்து லீக் அமைப்பு ஓர் ஏணி; மேற்கு ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் நான் குடியிருக்கும் டோர்ட்முண்டிலிருந்து எண்ணினால் அதில் 11 படிகள். புண்டஸ்லிகா, இரண்டாம் புண்டஸ்லிகா, மூன்றாம் லிகா ஆகிய மூன்றும் நாடு முழுமைக்கும் பொதுவானவை. நான்காவதான ரீகியோனல்லிகா ஐந்து வட்டாரங்களாகப் பிரிகிறது. அதற்குக் கீழே எங்கள் வெஸ்ட்ஃபாலன் பகுதியில் ஓபர்லிகா, வெஸ்ட்ஃபாலன்லிகா, லாண்டஸ்லிகா, பெட்ஸிர்க்ஸ்லிகா என்று இறங்கி, கடைசியில் மாவட்ட அளவிலான க்ரைஸ்லிகா ஏ, பி, சி என்று முடிகிறது. சில மாவட்டங்களில் டி கூட உண்டு. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஓர் ஆட்டத்தை 90 நிமிடமும் நேரில் பார்ப்பது, ரயில், டிராம், பேருந்து தவிர வேறு எதிலும் போகாமலிருப்பது என்பவை நான் வகுத்துக்கொண்ட விதிகள். இப்படி அரங்கம் அரங்கமாக அலைபவர்களை இங்கே கிரவுண்ட்ஹாப்பர் என்பார்கள். பாதியில் கிளம்பிவந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கலாமா என்பது அவர்களுக்குள் ஓயாத வழக்கு. நான் கண்டிப்பானவர்களின் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதைக் கண்டது, கேட்டது என்று இரண்டு பத்திகளாகப் பிரித்திருந்தேன். இரண்டாவது பத்தியை ஏதோ அழகுக்காகத்தான் போட்டேன். மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு முதல் பத்தியில் எழுதுவதற்கு அதிகம் இல்லாமல் போய், இரண்டாவது பத்தி பக்கத்தின் ஓரம்வரை நிரம்பத் தொடங்கியது.

செப்டம்பர் 27, வெள்ளி இரவு, முதல் படி. டோர்ட்முண்டும் போஹும் அணியும் மோதிய ஆட்டம். டோர்ட்முண்ட் அரங்கில் ஏறத்தாழ 55,000 பேர் பருவச்சீட்டு வைத்திருப்பதால், வெளியாள் ஒருவருக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊருக்குப் போயிருந்த அலுவலக நண்பர் ஒருவர் தம்முடைய சீட்டை முறைப்படி எனக்கு மாற்றிக்கொடுத்தார். அது தெற்கு மேடைக்கான சீட்டு: 24,454 பேர் நின்றபடியே பார்க்கும், ஐரோப்பாவிலேயே மிகப்பெரிய நிற்குமிடம். "ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் நின்றுவிடுங்கள், தண்ணீர் குடிக்காதீர்கள்" என்பதே அவர் சொல்லியனுப்பிய அறிவுரை. அந்த அறிவுரையின் பிற்பகுதியின் பொருள் எனக்கு ஆட்டத்தின் 30ஆம் நிமிடத்தில்தான் விளங்கியது, ஏனென்றால் அங்கிருந்து நகர இடம் கிடையாது.

போஹும் முதல் 21 நிமிடங்களுக்குள் இரண்டு கோல் அடித்துவிட்டது. எதிரே வடக்கு மூலையில் நீலமும் வெள்ளையுமாக அவர்களுடைய ரசிகர்கள் குதிப்பது தெரிந்தது. ஆனால் அவர்களின் சத்தம் எங்களை எட்டவே இல்லை. என்னைச் சுற்றியிருந்தவர்கள் தோற்றுக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்குச் சற்றுமுன் கினி நாட்டு முன்வரிசை ஆட்டக்காரர் செர்ஹு கிராசி ஒரு கோல் அடித்தபோது, பந்து வலைக்குள் போனதை நான் பார்க்கவில்லை. முன்னால் ஒரு பெரிய கொடி அசைந்துகொண்டிருந்தது. தலையில் பியர் கொட்டியதால்தான் கோல் என்று தெரிந்துகொண்டேன். கோல் விழுந்தால் அறிவிப்பாளர் ஆட்டக்காரரின் முதல் பெயரை மட்டும் சொல்வார், குடும்பப் பெயரை அரங்கம் முழுவதும் சேர்ந்து முழங்கும்; கிராசி இரண்டு முறை அடித்ததால் நடு இரவு கடந்தும் அந்தப் பெயர் காதில் இரைந்துகொண்டிருந்தது. முடிவு 4-2. 81,365 பேர் நிறைந்த அரங்கில் 90 நிமிடம் இருந்தும், பந்தை ஒருவர் உதைக்கும் சத்தம் ஒருமுறைகூட என் காதில் விழவில்லை என்பதை வீட்டுக்கு வந்து எழுதும்போதுதான் கவனித்தேன்.

அக்டோபரில் இரண்டாம் படிக்காக, டோர்ட்முண்டின் பரம எதிரியான கெல்சன்கிர்ஹென் ஊர் அணி ஷால்கெ. டோர்ட்முண்டில் வசிப்பவன் கெல்சன்கிர்ஹெனுக்குப் போவதை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் தீவிர ரசிகர்கள் ஷால்கெயின் பெயரையே வாயால் உச்சரிப்பதில்லை, பக்கத்து ஊர்ப் பெயரை வைத்து "மேற்கு ஹெர்னெ" என்பார்கள். அவர்களோ டோர்ட்முண்டை "வடக்கு லூடன்ஷைட்" என்பார்கள். சீட்டு கொடுத்து உதவிய அதே நண்பர் திங்கட்கிழமை முழுவதும் என்னிடம் பேசவில்லை.

1934க்கும் 1958க்கும் இடையே ஏழு முறை ஜெர்மன் சாம்பியனான அணி, அந்தப் பருவத்தில் இரண்டாம் நிலையில் ஆடியும், ஆட்டத்துக்கு 60,000 பேருக்கு மேல் இழுத்தது. ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் பக்கத்து ஊரான போட்ராப்பில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனாலும் ஆட்டம் தொடங்கும் முன் சுரங்கத் தொழிலாளரின் பழைய பாட்டை மொத்த அரங்கமும் நின்று பாடுகிறது. சுரங்கத்தையே பார்த்திராத வயதுப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். அன்று கூரை மூடியிருந்ததால் சத்தம் வெளியேற வழியில்லாமல் மேலே முட்டித் திரும்பி வந்து நெஞ்சில் அடித்தது. ஆட்டம் சுமார்தான்.

மூன்றாம் படி எஸ்ஸனில். ரோட்-வைஸ் எஸ்ஸன் 1955இன் ஜெர்மன் சாம்பியன். 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 84ஆம் நிமிடத்தில் ஹங்கேரிக்கு எதிராக வெற்றி கோலை அடித்த ஹெல்முட் ரான் இந்த அணியின் ஆட்டக்காரர். அரங்கம் இருக்கும் ஹாஃபன் தெருவில் அவர் பெயரைச் சொன்னால் முதியவர்கள் நேற்று நடந்ததுபோலப் பேசுகிறார்கள். 2012இல் திறக்கப்பட்ட புதிய அரங்கம் சிறியது, நாற்புறமும் ஆடுகளத்தை ஒட்டியது. மூன்றாம் நிலை ஆட்டத்துக்கு 15,000 பேருக்கு மேல் வருகிறார்கள் என்பதை வேறு எந்த நாட்டில் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கேதான் முதன்முறையாக ஆட்டத்தின் சத்தம் கேட்டது: கூட்டம் மூச்சு வாங்கிய ஒரு நொடியில், கோல்காப்பாளர் தம் தடுப்பாட்டக்காரரைத் திட்டியது தெளிவாகக் காதில் விழுந்தது.

இந்த ஏணி வரலாற்றுப்படி அடுக்கப்பட்டதன்று என்பது நான்காம் படிக்கு வந்தபோது உறைத்தது. 1963இல் புண்டஸ்லிகா தொடங்கியபோது அதன் முதல் பருவத்திலேயே இரண்டாமிடம் பிடித்த டூயிஸ்புர்க் அணி, நான் சுற்றிய பருவத்தில் நான்காம் நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது அவர்களுடைய லீக்கிலேயே இருந்த ஓபர்ஹவுஸனை. அந்த அணியும் 1969 முதல் 1973 வரை புண்டஸ்லிகாவில் இருந்ததுதான். அரங்கம் எம்ஷர் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு தீவுபோலக் கிடக்கிறது. நுழைவாயிலில் வரிசை இல்லை. திறந்தவெளி மேடையில் நின்றபோது, பந்து கால்வாய்ப் பக்கம் பறக்கும்போதெல்லாம் நான்கைந்து முதியவர்கள் ஒரே குரலில் சலித்துக்கொள்வதைக் கேட்டேன். ஐந்து ரீகியோனல்லிகாக்களில் ஐந்து சாம்பியன்கள் வந்தாலும் மேலே ஏற நான்கே இடங்கள் என்ற முறையை அவர்களில் ஒருவர் எனக்கு விளக்கத் தொடங்கி, விளக்கம் நீளநீளக் கோபமாகி, இடைவேளை முடிந்தும் நிறுத்தவில்லை. அவருடைய கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். சாம்பியனான அணியை மீண்டும் ஒரு தேர்வு எழுதச் சொல்வதை எந்த வாதத்தாலும் சரிக்கட்ட முடியாது.

ஐந்தாம் படிக்கு ஊரைவிட்டுப் போகவே வேண்டியிருக்கவில்லை. யூ47 ரயிலில் கடைசி நிறுத்தமான அப்ளர்பெக்கில் இறங்கி நடந்தால் ஏஎஸ்ஸி 09 அணியின் மைதானம். ஆறாம், ஏழாம் படிகளை நவம்பரில் ஒரே வார இறுதியில் முடித்தேன். இரண்டிலும் மழை, இரண்டிலும் ஆடுகளத்தைச் சுற்றி ஒற்றை இரும்புக் குழாய்த் தடுப்பு, இரண்டிலும் பிராட்வுர்ஸ்ட் என்ற வாட்டிய தொத்திறைச்சி கருகியிருந்தது. எட்டாம் படியில்தான் திட்டம் சறுக்கியது. இணைப்புப் பேருந்துக்காக 40 நிமிடம் காத்திருந்து போய்ச் சேர்ந்தால், வாயிற்கதவில் பூட்டு. ஆடுகளம் நனைந்திருப்பதால் ஆட்டம் இல்லை என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. கீழ்நிலை ஆட்டங்களின் அட்டவணை அத்தனையையும் ஜெர்மன் கால்பந்துக் கூட்டமைப்பின் ஃபுஸ்பால்.டிஇ தளத்தில் பார்க்கலாம். புறப்படுவதற்கு முன் அதை இன்னொரு முறை திறந்து பார்க்கத் தவறியது என் பிழை. பிறகு குளிர்கால இடைவேளை வந்துவிட்டதால் அந்தப் பக்கம் மார்ச்சு வரை வெறுமையாகக் கிடந்தது. அதற்குள், நான் பயணம் செய்த, உள்ளூர், வட்டார ரயில், பேருந்துகளுக்கான மாதச்சீட்டாகிய, 49 யூரோவாக இருந்த ஜெர்மனி டிக்கெட்டும் 2025 ஜனவரியில் 58 யூரோ ஆகிவிட்டது.

மார்ச்சில் எட்டாம் படியை முடித்துவிட்டு, ஏப்ரலில் ஒன்பதாம் படியான க்ரைஸ்லிகா ஏ ஆட்டத்துக்குப் போனேன். ஞாயிறு மூன்று மணி ஆட்டம். வாசலில் ஒரு மடக்கு மேசை, அதன் மேல் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குப் பின்னால் கம்பளித் தொப்பியுடன் ஒரு பெரியவர். நுழைவுக்கட்டணம் மூன்று யூரோ. என்னிடம் வங்கி அட்டையைத் தவிர எதுவும் இல்லை. அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுருளிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்து, "அடுத்த முறை வரும்போது ஆறு யூரோ" என்றார்.

ஆடுகளம் புல்தரையாக இல்லை. இந்தப் பகுதியில் பரவலாக இருந்த, செம்மண் போலத் தோன்றும் சாம்பல் மைதானம். பெரும்பாலானவற்றைச் செயற்கைப் புல்லாக மாற்றிவிட்டார்கள், மிஞ்சியவற்றில் இது ஒன்று. ஓர் ஆட்டக்காரர் சறுக்கிப் பந்தைப் பறித்தால் சர்ரென்று ஒரு சத்தமும் அதன் பின்னே ஒரு செந்தூசிப் படலமும் எழுகின்றன. முழங்காலில் தோல் உரிந்து சிவந்திருப்பது இரத்தமா தூசியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நடுவர் ஒருவரே, கொடி நடுவர்கள் இல்லை. ஆஃப்சைடா இல்லையா என்று அவர் ஐம்பது மீட்டர் தள்ளி நின்று முடிவு செய்ய வேண்டும். கோட்டருகே காப்பியுடன் நின்ற எல்லோரும் அவருக்கு உதவத் தயாராகவே இருந்தார்கள், அணிக்கு ஒரு தீர்ப்பாக.

தடுப்புக் குழாயில் சாய்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது என் நோட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி தமிழோ? எந்த இடம்?"

"மதுரைங்க அண்ணா. நீங்க?"

"நான் பருத்தித்துறை. எண்பத்தஞ்சில வந்தனான். அந்த ஆறாம் நம்பர் என்ர மகன். கிழமை முழுக்க இரவு வேலை, ஞாயிறு எண்டால் இங்கதான் நிப்பான்."

எண்பதுகளில் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் ரூர் பகுதியில் நிறைய உண்டு. ஆறாம் நம்பர் நடுக்களத்தில் பந்தைக் கேட்டு ஜெர்மன் மொழியில் கத்திக்கொண்டிருந்தார், கோட்டோரமாக வந்தபோது அப்பா "பின்னால பார்!" என்று தமிழில் கத்தினார், அவரும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பந்தை வலப்பக்கம் தட்டினார். அந்த ஓர் உதை, பந்தில் காலணி பட்ட மொத்தென்ற சத்தம், "கேட்டது" பத்தியில் தனி வரியாக இருக்கிறது. ஆட்டம் 3-3. தரத்தைப் பற்றிச் சொன்னால், பந்தை நிறுத்துவதில் மூன்றாம் படிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆனால் எஸ்ஸனில் ஆட்டக்காரர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டியிருந்தது, இங்கே ஒரு பாஸ் ஏன் தவறியது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க முடிந்தது. கால்பந்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் இவ்வளவு பேசுகிறார் என்பது இத்தனை ஆண்டுகள் தொலைக்காட்சியில் பார்த்தும் எனக்குத் தெரியாமலிருந்தது.

பத்தாம் படியில், பந்து வேலியைத் தாண்டி ஒரு வீட்டுத் தோட்டத்தில் இரண்டு முறை விழுந்தது. இரண்டாம் முறை அந்த வீட்டு அம்மாள் பந்தைத் திருப்பி எறியாமல், நிதானமாக நடந்து வந்து நடுவரின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டத்தின் மற்ற விவரங்கள் எனக்கு நினைவில்லை.

கடைசிப் படியான க்ரைஸ்லிகா சி ஆட்டத்துக்கு மே மாதம் ஒரு ஞாயிறு பகல் ஒரு மணிக்குப் போனேன், இம்முறை பை நிறையச் சில்லறையுடன். உள்ளூர் அணி சீருடையுடன் களத்தில் பந்து உதைத்துப் பழகிக்கொண்டிருந்தது. நடுவர் வந்துவிட்டார். ஒன்று பத்துக்கு வந்தவர்கள் எதிரணியில் ஐந்து பேர். ஆட்டம் தொடங்க ஏழு பேராவது வேண்டும். மற்றவர்களைக் கைப்பேசியில் அழைத்தார்கள்; ஒருவர் எடுத்தார், மற்றவர்கள் எடுக்கவில்லை. முந்தைய நாள் ஏதோ திருமணம் என்றார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, குறிப்பெழுதி, கிளம்பிவிட்டார். இப்படி எதிரணி வராத ஆட்டத்தை 2-0 என்று வந்த அணிக்குச் சாதகமாகப் பதிவு செய்வார்கள். வந்த ஐந்து பேரும் உள்ளூர்க்காரர்களும் கலந்து இரண்டு அணியாகப் பிரிந்து, நடுவர் இல்லாமலேயே ஒரு மணி நேரம் ஆடினார்கள். தடுப்புக் குழாயருகே பார்வையாளராக நின்றது நான் ஒருவன் மட்டும். கேட்டதெல்லாம் பந்தும் மூச்சும் சிரிப்பும்தான்.

என் விதிப்படி அது ஆட்டமாகாது. பதினோராம் பக்கத்தில் தேதியை மட்டும் எழுதி, மற்றதைக் காலியாக விட்டிருக்கிறேன். ஆகஸ்டில் அடுத்த பருவம் தொடங்கியதும் முதலில் அங்கேதான் போக வேண்டும். அதற்கு முன், ஒன்பதாம் படியில் மடக்கு மேசைக்காரருக்குத் தர வேண்டிய ஆறு யூரோ பாக்கி இருக்கிறது.