தர்மபுரியிலிருந்து நகுருவுக்கு: கென்யாவில் மிஷன் மருத்துவப் பணிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து கென்யாவின் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் போக நினைக்கும் டாக்டர்களும் நர்சுகளும் எடுத்தவுடன் விசாரிப்பது விமான டிக்கெட்டைத்தான். அது கடைசி வேலை. முதலில் பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், கவுன்சில் பதிவு மூன்றையும் மேஜையில் பரப்பிப் பெயரைப் பாருங்கள். பட்டத்தில் ‘எஸ்தர் ஆர்’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கவுன்சிலில் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய கணவர் இனிஷியல். நம் ஊரில் இதை யாரும் கேட்பதில்லை. அங்கே பதிவு செய்கிறவர் கண்ணுக்கு இவர்கள் மூன்று பேர். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் போட்டு, எல்லா விண்ணப்பத்தோடும் அதையே இணைத்துவிடுங்கள்.

அடுத்தது லேமினேஷன். பத்திரமாக இருக்கட்டும் என்று ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் போட்டுவைத்த சான்றிதழின் மேல் சான்றொப்ப முத்திரை குத்த முடியாது. பிரிக்கப்போனால் எழுத்தும் கூடவே உரியும். பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதைத் தவிர வழியில்லை, அது மாதக்கணக்கில் இழுக்கும்.

பதிவு நடப்பில் இருக்கிறது, உங்கள்மேல் புகார் நடவடிக்கை இல்லை என்று காட்டும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழை டாக்டர்கள் மெடிக்கல் கவுன்சிலிலும், நர்சுகள் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலிலும் வாங்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதை முடியுங்கள். ரொம்ப முன்கூட்டி வாங்கினாலும் வம்பு. அங்கே கேட்கும்போது தேதி பழையதாகியிருக்கும். போலீஸ் சான்றிதழுக்கும் இதே கணக்குதான். பாஸ்போர்ட்டில் அரூர் விலாசம், இப்போது குடியிருப்பது ஓசூர் என்றால் விசாரணைக்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள்.

2024 ஜனவரி முதல் கென்யாவில் விசாவுக்குப் பதில் இ.டி.ஏ. என்ற ஆன்லைன் அனுமதி வந்துவிட்டது. அது எளிதாகக் கிடைப்பதால் அதிலேயே போய் நோயாளி பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. சம்பளம் வாங்காத ஊழியமாக இருந்தாலும் அது வேலைதான். மதப் பணிக்கும் தர்மப் பணிக்கும் ‘ஐ’ வகுப்பு பெர்மிட் தனியாக உண்டு. அதோடு டாக்டருக்கு மெடிக்கல் பிராக்டிஷனர்ஸ் அண்ட் டென்டிஸ்ட்ஸ் கவுன்சிலிடமும், நர்சுக்கு நர்சிங் கவுன்சிலிடமும் தற்காலிக உரிமம் வேண்டும். இவற்றை அழைக்கும் ஆஸ்பத்திரி மூலமாகவே நகர்த்துங்கள். உரிமம் கைக்கு வருவதற்கு முன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தால், ஏதாவது தப்பாகிற அன்று மாட்டுவது நீங்கள் மட்டுமல்ல, அந்த ஆஸ்பத்திரியும்தான்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டும் போடுங்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் எல்லோருக்கும் தெரிந்தது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர் கிட்ட. பல பேருக்கான குப்பியைக் கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் எல்லா மையத்திலும் எல்லா நாளும் போடமாட்டார்கள், போன் செய்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். பாஸ்போர்ட் அவசியம். போட்ட 10 நாள் கழித்துத்தான் தடுப்பூசிச் சான்று அட்டை செல்லும். 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். திரும்பி வரும்போது அட்டை இல்லாவிட்டால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். முட்டை அலர்ஜி, கர்ப்பம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, 60 வயதுக்கு மேல் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இனி பெட்டி. சபையில் விஷயம் தெரிந்ததும் மாத்திரை குவியும்: சாம்பிள் அட்டைகள், பாதி தீர்ந்த டானிக், இரண்டு மாதத்தில் காலாவதியாகும் ஆன்டிபயாடிக். அன்பாகத் தருகிறார்கள், மறுக்கக் கஷ்டம்தான். ஆனாலும் மறுத்துவிடுங்கள். தானமாக வரும் மருந்துக்குக் குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் பாக்கி இருக்க வேண்டும், அந்த நாட்டு மருந்துப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அனுமதியில்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே நிறுத்துவார்கள். தேவையும் இல்லை. கத்தோலிக்க ஆயர் பேரவையும் கென்யா கிறிஸ்தவ சுகாதாரச் சங்கமும் சேர்ந்து 1986-இல் தொடங்கிய ‘மெட்ஸ்’ என்ற மருந்துக் கிடங்கு நைரோபியில் இருக்கிறது. மிஷன் ஆஸ்பத்திரிகள் அங்கே வாங்குகின்றன. மாத்திரை தருகிறவர்களிடம், மனமிருந்தால் பணமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று: 2017 ஆகஸ்ட் முதல் அங்கே பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. துணிக்கடைக் கவரில் சுருட்டிய சேலையைத் துணிப்பைக்கு மாற்றுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் கிராமத்தில் யாரோடு சேர்ந்து வேலை செய்வது? 2023 முதல் அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் சமுதாய சுகாதாரப் பணியாளர்கள், ஒருவருக்குச் சுமார் 100 வீடுகள். 2021-இல் சூளகிரி அருகே சாமனப்பள்ளியில் தொடங்கிய நம் மக்களைத் தேடி மருத்துவத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். முகாம் போடுவதற்கு முன் அந்தப் பணியாளரோடு வீடு வீடாக நடங்கள். அவர் பதிவேட்டில் இல்லாத முகாம், நீங்கள் விமானம் ஏறியதும் இல்லாமல் போகும். ஜெபம் செய்யலாம், கேட்டால் நற்செய்தியும் சொல்லலாம். மாத்திரைக்கு முன்நிபந்தனையாக மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கைவந்த ஒரு விஷயம் நகுருவில் உண்டு: தண்ணீரில் அளவு மீறினால் பல்லைக் கறையாக்கும் ஃபுளூரைடு. ரிஃப்ட் பள்ளத்தாக்கின் எரிமலைப் பாறையிலிருந்து அது கிணற்றில் இறங்குகிறது. பென்னாகரம் பக்கம் பார்த்த அதே பழுப்புப் பல்தான். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் மேல் முன்பற்களைப் பஞ்சால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். கறை இடமும் வலமும் ஜோடியாக, ஒரே மாதிரி இருந்தால் ஃபுளூரைடு. ஈறோரம் மட்டும் படிந்து சுரண்டினால் வருவது வெறும் அழுக்கு. தண்ணீரைக் கண்ணாடியில் பிடிக்காமல் பாலித்தீன் பாட்டிலில் பிடியுங்கள். பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிய பிறகு நிரப்புங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தக் கிணறு குடிக்க ஆகாது.

காய்ச்சிக் குடியுங்கள் என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். கிருமிக்குச் சரி, ஃபுளூரைடு காய்ச்சக் காய்ச்சக் கூடும். பீன்ஸ் சீக்கிரம் வேக அங்கே மகாடி உப்பு (மகாடி ஏரியில் எடுக்கும் சோடா உப்பு) போடும் வீடுகள் உண்டு, அதிலும் ஃபுளூரைடு ஏராளம். ஆகவே அடுப்படி வரை போய் என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

நமக்கு 2013-இல் ஒகேனக்கல் குடிநீர் வந்தது. அங்கே அப்படி ஒரு காவிரி இல்லை. நகுரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் குடிநீர்ப் பிரிவு மாட்டெலும்புக் கரியால் வடிகட்டி செய்து கொடுத்தது. மாட்டெலும்பு என்றால் இங்கே எடுபடாது, மாட்டிறைச்சி சாப்பிடுகிற ஊரில் எடுபடுகிறது. கரி கறுப்பாக இருக்க வேண்டும். சூடு போதாவிட்டால் தண்ணீர் நாறும். மிஞ்சினால் வெளுத்து, ஃபுளூரைடைப் பிடிக்கும் சக்தி குறையும். பெரிய ஆபத்து வேறு: கரி தீர்ந்துபோனது வெளியே தெரியாது. தண்ணீர் முன்போலவே தெளிவாக, ருசியாக வரும். ஃபுளூரைடு மட்டும் அப்படியே இறங்கும். அதனால் வடிகட்டி கொடுக்கும் அன்றே, அடுத்த பரிசோதனைத் தேதியையும் யார் செய்வது என்பதையும் வாளியின் மேலேயே எழுதிவிடுங்கள்.

நகுரு உயரமான ஊர், மலேரியா குறைவு. விக்டோரியா ஏரிப் பக்கம் வேலையிருந்தால் நிலைமை வேறு: மலேரியா வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை 100 மி.கி. தினமும், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, வெளியே வந்து 4 வாரம் வரை. ஊர் திரும்பிய பிறகு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். சில மாதம் வரை எந்தக் காய்ச்சல் வந்தாலும், ‘கென்யா போய்விட்டு வந்தேன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லி அன்றைக்கே மலேரியா பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் இங்கே டெங்குவைத்தான் முதலில் தேடுவார்கள்.