முட்டி ஓய்வு + ஸ்டீவ் ப்ளூமர்

ஜனவரி 19, ஞாயிறு

முட்டி போச்சு. சண்டே மார்னிங் அஞ்சுக்கு அஞ்சு ஃபுட்பால் மேட்ச்ல சும்மா திரும்பினேன், யாரும் மோதல, யாரும் தள்ளல, நானா திரும்பினேன், உள்ள ஏதோ பட்டுன்னு ஒரு சத்தம், அப்புறம் நொண்டிக்கிட்டே காருக்கு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசர்ல இருந்த பட்டாணி பாக்கெட்ட எடுத்து மேல வச்சேன். வீட்டம்மா அதப் பாத்துட்டு முதல்ல கேட்ட கேள்வி, "அது நாளைக்குக் குருமாவுக்கு வச்சது, தெரியுமா?" ரெண்டாவது கேள்வி, "நாப்பத்தியோரு வயசுல உங்களுக்கு இதெல்லாம் தேவையா?" பதில் இல்ல என்கிட்ட.

எங்க டீம்ல ஒரு வெள்ளைக்கார பெருசு இருக்கார், இங்கிலாந்துல இந்த டெர்பி ஊர்லயே பொறந்து வளந்தவர், கோல் போஸ்ட்டத் தாண்டி நகரவே மாட்டார், வாய் மட்டும் மைதானம் முழுக்க ஓடும். அவர்தான் என்னைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தார். வர்ற வழியில சொன்னார், "ப்ளூமர் நாப்பது வயசு வரைக்கும் ஆடினார்யா, நீ என்னடான்னா". இந்த ஊர்ல ஆறு வருஷமா இருக்கேன், ஸ்டேடியத்துல மேட்ச் தொடங்குறதுக்கு முன்னாடி அவர் பேர்ல ஒரு பாட்டு போடுவாங்க, நானும் கூட சேந்து கத்தியிருக்கேன், ஆனா அந்தாளு யாருன்னு ஒரு நாள்கூட ஒழுங்கா தேடினதில்ல. இப்ப டைம் இருக்கு. ரெண்டு வாரம் லீவு.

ஜனவரி 20, திங்கள்

தேடப்போனா முதல் வரியிலேயே பொறந்த தேதி 1874 ஜனவரி 20. இன்னிக்குத்தான்! சரி, ஹேப்பி பர்த்டே அண்ணே.

பொறந்தது க்ராட்லின்னு வூஸ்டர்ஷைர்ல ஒரு சின்ன ஊரு, சின்னப் பையனா இருக்கும்போதே குடும்பம் டெர்பிக்கு வந்துருச்சு, கையில பழகின தொழில் கொல்லுப்பட்டறை. 18 வயசுல, 1892 செப்டம்பர்ல, ஊர் கிளப்பான டெர்பி கவுன்ட்டிக்கு முதல் மேட்ச், ஸ்டோக் டீம் கூட. ஆரம்ப சம்பளம் வாரத்துக்கு ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ்.

ஃபோட்டோல பாத்தா ஆளு ஃபுட்பால் ப்ளேயர் மாதிரியே இல்ல. ஒல்லி, வெளிறின மூஞ்சி (பட்டப்பேரே வெளிறின மூஞ்சிதான், 'பேல்ஃபேஸ்'), தலைய நல்லா படிய வாரியிருக்கு, நம்ம ஊரு பழைய ஸ்கூல் க்ரூப் ஃபோட்டோல கடைசி வரிசையில நிக்கிற கணக்கு வாத்தியார் மாதிரி. இந்த ஆளா லீக்ல 352 கோல்? இங்கிலாந்துக்கு 23 மேட்ச்ல 28?

ஜனவரி 22, புதன்

டாக்டர் பாத்தாச்சு, ஜவ்வு கிழியல, இழுபட்டுருக்கு, அவ்வளவுதான். மூணு வாரம் ஓடக்கூடாது. ஓடக்கூடாதாம், நான் என்னவோ தினமும் மாரத்தான் ஓடுற மாதிரி.

ப்ளூமர் எப்படி கோல் அடிச்சார்னு படிச்சேன், அதத்தான் எழுதணும். அவர் பெரிய ட்ரிப்ளிங்லாம் பண்றவர் இல்ல. பந்து வந்ததும் நிறுத்த மாட்டார், தட்டி செட் பண்ண மாட்டார், தலைய தூக்கி கோலப் பாக்கவும் மாட்டார், வந்த வேகத்துலயே தரையோட தரையா ஒரே அடி, வலது காலோ இடது காலோ எதுல வருதோ அதுல. கீப்பர் ரெடியாகறதுக்குள்ள பந்து உள்ள.

கேக்க ஈஸியா இருக்கு. அந்தக் காலத்துப் பந்து என்னன்னு யோசிங்க. கனத்த தோலு, உள்ள ரப்பர் பை, வாய்ப்பக்கம் ஷூ மாதிரியே தோல் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். மழையில நனைஞ்சா தண்ணியக் குடிச்சு இன்னும் கனமாயிரும், அந்தக் கட்டுல நெத்திய வச்சா தோலு உரியும். இங்கிலாந்துல மழை இல்லாத நாள் எது. சேத்துல மிதக்குற அந்தக் குண்ட முதல் அடியிலேயே மூலையில வைக்கணும்னா கொல்லுப்பட்டறையில சம்மட்டி அடிச்ச உடம்பு தேவைதான்னு தோணுது. (இது என் தியரி, யாரும் சொல்லல.) அதோட அப்ப ஆஃப்சைடு ரூலும் வேற, பந்து உனக்கு வரும்போது உனக்கும் கோலுக்கும் நடுவுல எதிர் டீம் ஆளுங்க ரெண்டு பேர் இல்ல, மூணு பேர் இருக்கணும், 1925-லதான் அத ரெண்டா குறைச்சாங்க. அப்பேர்ப்பட்ட ரூல்ல இந்த மனுஷன் அஞ்சு சீசன் முதல் டிவிஷன் டாப் ஸ்கோரர்.

பக்கத்துல ஆட ஜான் குடால் இருந்தார், ப்ரெஸ்டன்ல தோல்வியே இல்லாம லீக் ஜெயிச்ச டீம்ல ஆடிட்டு டெர்பிக்கு வந்தவர், அவர்தான் இந்தப் பையனுக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்ததே. நல்ல சீனியர் கிடைக்கிறதும் ஒரு யோகம்தான்.

ஜனவரி 24, வெள்ளி

இன்னிக்கு முழுக்க மழை. பட்டாணி பாக்கெட் நிரந்தரமா என் சொத்தாயிருச்சு.

1895-ல இங்கிலாந்துக்கு முதல் மேட்ச் அயர்லாந்து கூட, அதுவும் டெர்பியிலயே. 9-0. இவர் ரெண்டு. அடுத்த வருஷம் கார்டிஃப்ல வேல்ஸ் கூட 9-1, இவர் மட்டும் அஞ்சு. ஆனா எஃப்.ஏ. கப் (இங்கிலாந்து கிளப்புங்க ஆடுற நாக்-அவுட் கப்) மட்டும் கடைசி வரைக்கும் கைக்கு வரல. 1898 ஃபைனல்ல பக்கத்து ஊர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிட்ட 3-1 தோல்வி, டெர்பியோட அந்த ஒரு கோல் இவரோடது. 1899-ல ஷெஃபீல்டு யுனைடெட் கிட்ட 4-1. 1903-ல காயம்னு இவர் இறங்கல, பெரி டீம் 6-0 போட்டு அனுப்பிட்டாங்க. இந்த ஊர்ல ஒரு கதை உண்டு, பேஸ்பால் க்ரவுண்ட் இருந்த இடத்துல இருந்து ஜிப்ஸி ஜனங்கள விரட்டிட்டாங்க, அவங்க விட்ட சாபம்தான் கப் கிடைக்கலன்னு. கடைசில 1946-லதான் கப் வந்துச்சு. சாபக்கதை இல்லாத ஊரே உலகத்துல இல்ல போல.

ஃபுட்பால் க்ரவுண்டுக்கு ஏன் பேஸ்பால் பேருன்னா நிஜமாவே அங்க பேஸ்பால் ஆடினாங்க, பக்கத்து ஃபவுண்டரி முதலாளி அமெரிக்கா போய்ட்டு வந்து ஆரம்பிச்சது, ப்ளூமரும் ஆடியிருக்கார். 1895-ல கவுன்ட்டி டீம் அங்க குடி வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஆடினது ரேஸ்கோர்ஸ் க்ரவுண்ட்ல, அதாவது குதிரை ரேஸ் ஓடுற இடத்துக்குள்ள. இத ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறம் வரும்.

ஜனவரி 26, ஞாயிறு

காசு பத்தி எழுதாம இருக்க முடியல. 1901-ல சம்பளத்துக்கு உச்சவரம்பு வச்சாங்க, வாரம் 4 பவுண்டு. நீ எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி, 4 பவுண்டு. 1910-ல 5 ஆக்கினாங்க. பட்டறை வேலைக்கு இது நல்ல காசுதான், இல்லன்னு சொல்லல. ஆனா இன்னொரு ரூல் இருந்துச்சு பாருங்க, அதான் வயித்தெரிச்சல். உன் ரெஜிஸ்ட்ரேஷன் கிளப் கையில. அவன் விடலன்னா சீசன் முடிஞ்சாலும் வேற லீக் கிளப்புக்கு நீ போக முடியாது, அவன் வித்தான்னா போய்த்தான் ஆகணும்.

1905 பிப்ரவரில மிடில்ஸ்ப்ரோ கிளப் சண்டர்லாண்ட்ல இருந்து ஆல்ஃப் காமனை 1,000 பவுண்டுக்கு வாங்கினாங்க. உலகத்துல முதல் ஆயிரம். மனுஷன மாடு மாதிரி சந்தையில விக்கிறதான்னு பெரிய கூப்பாடு. அடுத்த வருஷம் மார்ச்ல அதே மிடில்ஸ்ப்ரோ 750 பவுண்டு போட்டு ப்ளூமரை வாங்கிருச்சு. டெர்பி ஊரே கொதிச்சுச்சாம். இதுல விளையாடுறவன் கைக்கு வர்றது என்ன தெரியுமா, சைன் பண்றதுக்கு 10 பவுண்டு, ரூல் அவ்வளவுதான். சில கிளப்புங்க மேசைக்கு அடியில குடுத்துச்சு, அது வேற கதை. 1908-ல ட்ரான்ஸ்ஃபருக்கே 350 பவுண்டு லிமிட்னு ஒரு ரூல் கொண்டாந்தாங்க, சில மாசத்துல அத அவங்களே தூக்கிட்டாங்க, கிளப்புக்கு லிமிட் வச்சா மட்டும் உடனே வலிக்குது போல.

மிடில்ஸ்ப்ரோ அந்த சீசன் கீழ் டிவிஷனுக்கு எறங்காம கோல் ஆவரேஜ்ல (போட்ட கோல வாங்கின கோலால வகுக்கறது) மயிரிழையில தப்பிச்சுது. ப்ளூமரை வித்த டெர்பி அடுத்த சீசன்லயே ரெண்டாவது டிவிஷனுக்கு எறங்கிருச்சு. நல்லா வேணும்.

சாயங்காலம் பெருசு ஃபோன் பண்ணார், இன்னிக்கு மேட்ச் 7-2 தோல்வியாம், நான் இல்லாததால இல்ல, நான் இருந்தா 9-2ன்னார்.

ஜனவரி 29, புதன்

வேலைக்கு மெயில் போட்டேன், திங்கள்ல இருந்து உக்காந்து பாக்கற வேலை மட்டும் குடுங்கன்னு.

ப்ளூமர் திரும்பி வந்தது 1910-ல, 36 வயசு. ரெண்டாவது டிவிஷன்ல கிடந்த டெர்பிக்கே வந்து, கேப்டனா நின்னு, 1911-12-ல டிவிஷன் சாம்பியன் ஆக்கி மேல ஏத்தி விட்டார், செல்சியும் இவங்களும் சம பாயிண்ட், கோல் ஆவரேஜ்ல முதலிடம். டெர்பிக்கு மட்டும் மொத்தம் 332 கோல். இத்தனைக்கும் நடுவுல நாலு வருஷம் இவர் ஊர்லயே இல்ல.

ஜனவரி 31, வெள்ளி

இதே தேதியில 1914-ல கடைசி மேட்ச், பர்ன்லி கூட. நாப்பது முடிஞ்சு பதினோரு நாள். அப்புறம்?

அந்த 'அப்புறம்'தான் எனக்கு இந்த ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடுது. பதினெட்டு வயசுல இருந்து ஒரே வேலை, 40-ல முடிஞ்சிருச்சு, பட்டறைக்குத் திரும்பிப் போக முடியுமா. அவருக்கு பெர்லின்ல கோச் வேலை கிடைச்சுது, ப்ரிட்டானியான்னு ஒரு கிளப். ஜூலை 1914-ல போறார். எந்த ஜூலைன்னு பாருங்க. போய் மூணு வாரத்துல யுத்தம்.

நவம்பர்ல இங்கிலீஷ்காரங்களப் புடிச்சு பெர்லினுக்கு வெளிய ரூலேபென்ங்கற இடத்துல அடைச்சாங்க. அது ஒரு குதிரை ரேஸ் மைதானம். டெர்பியில ரேஸ்கோர்ஸ்ல ஆட ஆரம்பிச்ச மனுஷன் பெர்லின் ரேஸ்கோர்ஸ்ல கைதி. நாலாயிரத்துக்கு மேல ஆளுங்க, படுக்கை குதிரை லாயத்துல, ஒரு குதிரை நிக்கிற அறைக்கு ஆறு பேரு, மத்தவங்க மேல வைக்கோல் போடுற பரண்ல. முதல் குளிர்காலத்த நினைச்சாலே நடுங்குது, சாணி நாத்தம், ஈர வைக்கோல், குழாயில ஐஸ் தண்ணி. ஜெர்மன்ல ரூலேபென்னா 'அமைதி வாழ்க்கை'ன்னு அர்த்தம் வருதாம்!

உள்ள யார் யாரு இருந்தா தெரியுமா. ஃப்ரெட் பெண்ட்லண்ட், பின்னாடி ஸ்பெயின்ல பில்பாவோ கிளப்புக்கு கோச் ஆனவர். டாட்டன்ஹாமுக்கு 1901 கப் வாங்கிக் குடுத்த ஜான் கேமரன். அப்புறம் ஜேம்ஸ் சாட்விக், அதாங்க பின்னாடி நியூட்ரான் கண்டுபிடிச்சு நோபல் வாங்கினவர், அவர் லாயத்துக்குள்ளயே பரிசோதனை பண்ணிக்கிட்டு இருந்தார். நம்மாளு என்ன பண்ணுவார், பந்து கேட்டார். கைதிகளே ஒரு ஃபுட்பால் அசோசியேஷன் ஆரம்பிச்சு, லீக் வச்சு, கப் வச்சு, ஆயிரம் பேருக்கு மேல சுத்தி நின்னு பாக்க, 41 வயசுல ப்ளூமர் மறுபடியும் பூட்ஸ் மாட்டினார். என் வயசு. மூணு வருஷத்துக்கு மேல அங்கயே. 1918-ல ஹாலந்துக்கு அனுப்பினாங்க, யுத்தம் முடிஞ்சுதான் வீடு.

இதப் படிச்சதும் எழுந்து ஹால்ல நாலு நடை நடந்தேன். வலி கொஞ்சம் கம்மிதான்.

பிப்ரவரி 1, சனி

மிச்சக் கதை சுருக்கமா. ஸ்பெயின்ல ஈரூன்ங்கற எல்லை ஊருல ரெயால் யூனியன் டீமுக்கு கோச், 1924-ல அவங்க ரெயால் மாட்ரிட்ட 1-0 ஜெயிச்சு ராஜா கப்ப தூக்கினாங்க. ப்ளேயரா கிடைக்காத கப்பு கோச்சா, வேற நாட்டுல. அப்புறம் டெர்பிக்கே திரும்பி பேஸ்பால் க்ரவுண்ட்லயே வேலை, பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறது, உள்ளூர் பேப்பர்ல எழுதறது. அவரோட 352 ரெக்கார்ட எவர்ட்டன் கிளப்போட டிக்ஸி டீன் தாண்டினது 1936-37 சீசன்ல. உடம்பு தேறட்டும்னு நீண்ட கப்பல் பயணம் அனுப்பி வச்சாங்க, திரும்பி வந்த கொஞ்ச நாள்லயே 1938 ஏப்ரல் 16-ல போய்ட்டார்.

மத்தியானம் மழை விட்டுச்சு, வீட்டம்மா கார் ஓட்ட பேஸ்பால் க்ரவுண்ட் இருந்த இடத்துக்குப் போனோம். 1997-ல கிளப் புது ஸ்டேடியத்துக்குப் போயிருச்சு, அப்புறம் இடிச்சு இப்ப அங்க வீடுங்க. நடுவுல ப்ளேயருங்க பந்துக்குப் பாயுற மாதிரி ஒரு சிலை, பக்கத்துல யாரோட ரெண்டு குப்பைத் தொட்டி. சுத்தி செங்கல் வீட்டு வரிசை, வாசல் தொறந்தா நேரா ரோடு. ஒரு தெரு பேரு கொழும்புத் தெரு! போர்ட பாத்து ஃபோட்டோ எடுத்து யாழ்ப்பாணத்து நண்பருக்கு அனுப்பினேன், "எங்கட ஆக்கள் எல்லா இடமும் வந்திட்டினம்"னு பதில் போட்டார், அவர் ஆளுங்களையே கிண்டல் பண்ணி.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில பெருசு மெசேஜ், ஆள் குறையுது, வர்றியா. வீட்டம்மா ஃபோன எட்டிப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல, பட்டாணி பாக்கெட்ட மட்டும் ஃப்ரீசர்ல திரும்ப வச்சாங்க.

போனேன். ஆடல, லைனுக்கு வெளிய நின்னேன், எல்லாரோட ஜாக்கெட்டும் கார் சாவியும் என் கையில. புது ஸ்டேடியத்துல டக்கவுட் (கோச்சும் மாத்து ஆளுங்களும் உக்கார்ற இடம்) பக்கம் ப்ளூமருக்கு மார்பளவு சிலை ஒண்ணு வச்சிருக்காங்க, 2009-ல வச்சது, மேட்ச் முழுக்க மூஞ்சிய அசைக்காம க்ரவுண்டயே பாத்துட்டு இருக்கும். என்னால அப்படி இருக்க முடியல, முதல் பத்து நிமிஷத்துலயே கத்த ஆரம்பிச்சுட்டேன். பந்து ஒரு தடவ உருண்டு என்கிட்ட வந்துச்சு, நல்ல கால்ல நின்னுக்கிட்டு மெதுவா உள்ள தட்டி விட்டேன். 4-3 ஜெயிச்சோம்.