மியேசாவில் படித்த இளவரசன்

மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப், கி.மு. 343 அளவில், தன் 13 வயது மகன் அலெக்சாந்தருக்குக் கல்வி புகட்ட அரிஸ்டோட்டிலை அழைத்தான் என்பது எங்கள் பாடநூலில் ஒரே வரி. உயர்தர வகுப்பில் வரலாறு கற்பித்த மாஸ்டர் அந்த வரிக்கே பல பாடவேளைகளை ஒதுக்கினார். நாட்டை விட்டு வந்து இத்தனை காலமாகியும் அவரிடம் கேட்டவற்றுள் என் மனத்தில் ஆழப் பதிந்திருப்பது அதுதான் என்பதால், இந்தச் சிறப்பு மலருக்கு அதையே எழுதுகிறேன்.

கரும்பலகையில் வெண்கட்டியால் மாசிடோனியத் தலைநகர் பெல்லா, இளவரசன் படித்த மியேசா, ஸ்டாகிரா ஆகிய மூன்று ஊர்களையும் குறித்துவிட்டு, ஸ்டாகிராவை மட்டும் விரலால் அழிப்பார். அரிஸ்டோட்டில் பிறந்த அந்த ஊரைப் பிலிப்பே முன்னர் அழித்திருந்தான். பின்னர், மகனுக்குக் கற்பித்ததற்கான குருதட்சணையாக அதை மீளக் கட்டி, சிதறிப்போன மக்களை மறுபடி குடியேற்றினான் என்று, அலெக்சாந்தரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ஊரிழந்தவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் தெரியும். மியேசாவில் ஆசிரியர் அமர்ந்த கல்லிருக்கைகளையும் நிழல் நடைபாதைகளையும் 400 ஆண்டுகளுக்குப் பின்னும், தம் காலத்திலும், மக்கள் காட்டினார்கள் என்பதும் அவர் தரும் செய்தியே.

அங்கே கற்றது ஆசியப் படையெடுப்பிலும் அலெக்சாந்தருடன் சென்றது. மருத்துவரின் மகனான அரிஸ்டோட்டிலிடம் பெற்ற ஆர்வத்தால், நோயுற்ற நண்பர்களுக்கு அவனே மருந்தும் பத்தியமும் சொன்னான். ஆசிரியர் திருத்திக் கொடுத்த, ஹோமரின் காவியமான இலியட்டின் பிரதியைக் குறுவாளுடன் தலையணையின் கீழ் வைத்துத் துயின்றான். ஆசியாவின் உட்பகுதியில் நூல்கள் கிடைக்காதபோது ஈஸ்கிலஸ், சோபோக்கிளிஸ், யூரிப்பிடிஸ் ஆகியோரின் நாடகங்களை வரவழைத்தான். அரிஸ்டோட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ், கிளைகளிலிருந்து வேர்களை இறக்கும் இந்திய மரமொன்றைத் தம் தாவர நூலில் வருணிப்பது, இந்தப் படையெடுப்பின்போது திரட்டப்பட்ட செய்திகளைக் கொண்டுதான். அந்தப் பகுதியை மாஸ்டர் நிறுத்தி நிறுத்தி வாசித்தபோது, அது நம் ஆலமரம் என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

ஆயினும், மாணவன் ஆசிரியரை மீறிய இடமே எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. கிரேக்கரிடம் தலைவனாகவும் பிறரிடம் எசமானாகவும் நடந்துகொள்ளுமாறு அரிஸ்டோட்டில் கூறிய அறிவுரையை அவன் ஏற்கவில்லை என்கிறார் புளூட்டார்க். கி.மு. 324 இல் சூசா நகரில் அவன் தான் தோற்கடித்த பாரசீகப் பேரரசன் தாரியஸின் மகளை மணந்ததோடு, தன் தோழர்கள் ஏறத்தாழ 80 பேருக்கும் பாரசீக, மேதிய உயர்குடிப் பெண்களை மணமுடித்து வைத்தான். கேட்டதை அப்படியே ஒப்புவிக்காமல், நேரிற் கண்ட மனிதரை வைத்து முடிவெடுத்த இந்த மீறலில்தான் அரிஸ்டோட்டிலின் பயிற்சி முழுமையாகத் தெரிகிறது என்று நான் கருதுகிறேன்.

இதை எழுதும் கட்டுரையில் கலிஸ்தீனிஸையும் விடக்கூடாது என்பது மாஸ்டரின் கட்டளை. படையுடன் சென்ற வரலாற்றாசிரியரான அவர் அரிஸ்டோட்டிலின் உறவினர். அரசன் முன் விழுந்து வணங்கும் வழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். கி.மு. 327 இல் சதிக் குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்ட அவர் உயிருடன் மீளவில்லை. அலெக்சாந்தரை எவ்வளவு புகழ்ந்து எழுதியிருந்தாலும், இந்தப் பெயர் இல்லாத விடைத்தாளுக்கு மாஸ்டர் முழுப் புள்ளி இட்டதில்லை.